மணி அடித்தால் காதைப் பொத்துகிறான்: வகுப்பறையில் ஆட்டிசக் குழந்தை, வாசகர் கேள்வி-பதில்

பள்ளி திறந்து மூன்று வாரம் ஆகிறது. குமரி மாவட்டத்து ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 27 பிள்ளைகள். அதில் ஒருவனுக்கு ஆட்டிசம் என்று சான்றிதழ் இருக்கிறது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பாட்டு தொடங்கினால் வெளியே ஓடுகிறான். மழை வந்தால் கேட்கவே வேண்டாம், எங்களுக்கு ஷீட் கூரை. பெஞ்சுக்கு அடியில் போய்விடுகிறான். அதட்டியும் பார்த்தேன், மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன்.
– ஆசிரியை, திருவட்டார் ஒன்றியம்

பதில்: வலிக்கிற பிள்ளையை அதட்டினாலும் வலிக்கும், மிட்டாய் கொடுத்தாலும் வலிக்கும். ஆட்டிசம் என்பது பேச்சு, பிறரோடு பழகுவது, புலன் உணர்வு ஆகியவை வேறு மாதிரி அமைகிற வளர்ச்சி நிலை. நமக்குச் சாதாரணமாகக் கேட்கிற ஒலி ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. எப்போது வரும் என்று தெரியாத ஒலி என்றால் இன்னும் மோசம். ஆகவே உங்களுக்கு வேலை இரண்டு: ஒலியை மட்டுப்படுத்துவது, வரப்போவதை முன்னதாகச் சொல்வது.

அதற்கு முன் ஐந்து நாள் குறிப்பு எழுதுங்கள். நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, முதலில் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் நாம் என்ன செய்தோம் என்று நேரத்தோடு எழுதினால் போதும். ‘அடம்’, ‘சேட்டை’ போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஐந்தாம் நாள் புரட்டினால் ஏதாவது பிடிபடும். எல்லாப் பாட்டுக்கும் ஓடுவதில்லை, கைதட்டல் வருகிற பாட்டுக்குத்தான் ஓடுகிறான் என்று தெரியலாம். எல்லாருமே மாறி மாறி வேறு வேறு வேகத்தில் தட்டுவதுதான் அவனுக்குத் தொல்லையாக இருக்கும். அந்தப் பாட்டுக்குக் கைதட்டுக்குப் பதில் தொடையில் தட்டச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால், மணிப் படம் வரைந்த அட்டையை அவன் மேசையில் வைத்து “மணி அடிக்கும்” என்று இரண்டே சொல் சொல்லுங்கள். தண்டவாளத் துண்டு மணி என்றால், ஒருநாள் அவனையே கூட்டிக்கொண்டு போய் மெல்ல ஒரு தட்டுத் தட்ட விடலாம். தன் கையால் எழுப்பும் ஒலி பலருக்கு அவ்வளவு உறுத்துவதில்லை. மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மின்மணி வகுப்பு வாசலுக்கு மேலேயே இருந்தால், அதன் கிண்ணத்தில் துணி டேப் இரண்டு பட்டை ஒட்டச் சொல்லுங்கள், ஒலி அடங்கும். அப்படியே மேலே நிமிர்ந்து டியூப் லைட்டையும் பாருங்கள். சோக் இரைகிறதா, குழல் துடிக்கிறதா? மின்விசிறி கடகடக்கிறதா? இருந்தால் அவன் இடத்தை மாற்றுங்கள். கடைசிப் பெஞ்சு வேண்டாம், வாசல் ஓரமும் வேண்டாம். முன்வரிசையில் சுவர் பக்கம், அமைதியான ஒரு பிள்ளைக்கு அருகில் நல்லது.

மர அறுப்பு மில்லில் தொழிலாளர்கள் போடுகிற காதுக் கவசம் குழந்தை அளவிலும் கிடைக்கிறது. மழை, பாட்டு, விளையாட்டு விழா ஒத்திகை ஆகிய நேரங்களுக்கு மட்டும் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டுவிட்டால் சின்ன ஒலியும் பெரிதாகத் தெரியத் தொடங்கும். நீங்கள் சொல்வதும் கேட்காது. பஞ்சு அடைக்க வேண்டாம், உள்ளே சிக்கிக்கொள்ளும். “எனக்கும் வேணும் டீச்சர்” என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணாடி போடுகிற பிள்ளையைக் காட்டி விளக்கினால் ஏழு வயதுக்குப் புரிகிறது.

ஓடுவதற்கு: உள்ளங்கை அளவில் ஒரு பச்சை அட்டை. அதைக் காட்டினால் வெளியே போகலாம். எங்கே? வராந்தாவில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூணடி, அங்கே ஒரு பாய், ஐந்து நிமிட மணல் கடிகாரம். மணல் இறங்கியதும் உள்ளே வர வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காட்டுவான். பத்துக்கும் விடுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறோம்: நான்காம் தடவை “இப்போதானே போனே” என்று மறுத்தால் அட்டைக்கு மதிப்பில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மறுபடி ஓட்டம்தான்.

மழைக்கு, கான்கிரீட் கூரை உள்ள அறை எது என்று தலைமையாசிரியரிடம் பேசி இப்போதே முடிவு செய்யுங்கள். அலுவலக அறையின் ஒரு மூலை போதும். நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, வருடத்தில் பாதி நாள் இந்தக் கேள்வி வரும். போக முடியவில்லை என்றால் பெஞ்சுக்கு அடியிலேயே இருக்கட்டும். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். சிலேட்டை அங்கே நீட்டினால் அங்கேயே எழுதுகிற பிள்ளைகள் உண்டு.

கேள்வி: பேசும்போது கண்ணைப் பார்க்கப் பழக்க வேண்டாமா?
– ஆசிரியர், தோவாளை

பதில்: வேண்டாம். கண்ணைப் பார்ப்பதற்கே முழுக் கவனமும் போய்விட்டால் சொன்னது காதில் ஏறாது. கேட்டதைச் செய்கிறானா என்று பாருங்கள்.

கேள்வி: “நோட்டை எடுத்து, தேதி போட்டு, போர்டுல உள்ளத எழுதிட்டு, கணக்குப் புத்தகத்த மேல வை” என்கிறேன். மூன்றாம் வகுப்பு மாணவி, நன்றாக வாசிப்பாள், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் மலையாளம் கலந்து பேசுவார்கள். அதனால் இருக்குமோ?
– ஆசிரியை, களியக்காவிளை பக்கம்

பதில்: மலையாளத்தின் மேல் பழி போட வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. வீட்டு மொழியை நிறுத்தச் சொன்னால் பாட்டியோடும் அம்மாவோடும் உள்ள பேச்சுத்தான் நின்றுபோகும்.

உங்கள் வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள், அதில் நான்கு வேலைகள். அவள் முதலாவதைப் புரிந்துகொண்டிருக்கும்போதே நான்காவது வந்துவிட்டது. பெயரைச் சொல்லுங்கள், அவள் நிமிரும்வரை பொறுங்கள். பிறகு “நோட்டை எடு.” மனதுக்குள் ஒன்று முதல் பத்துவரை எண்ணுங்கள். எடுக்கவில்லை என்றால் அதே சொற்களை அப்படியே திரும்பச் சொல்லுங்கள். நாமோ “நோட்டை எடு” என்பதை அடுத்த நொடியே “எங்க, புக்கை வெளிய வையி பாப்போம்” என்று மாற்றுகிறோம். அவளுக்கு அது புதிய உத்தரவு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு”, “வாயைக் கட்டு” போன்றவற்றை இந்தக் குழந்தைகள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வார்கள். “சத்தம் போடாதே” என்பதைவிட “மெதுவாப் பேசு” நல்லது. எதைச் செய்யக் கூடாது என்பதிலிருந்து எதைச் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குக் கூடுதல் வேலை.

பலகையிலிருந்து பார்த்து எழுதுவது தனிச் சிரமம். நிமிர்ந்து, படித்து, நினைவில் வைத்து, குனிந்து, வரியைத் தேடி எழுத வேண்டும். அதே நான்கு வரியை ஒரு தாளில் எழுதி அவள் நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பத்துக் கணக்கில் ஐந்து போதும். அவளுக்குக் கணக்குத் தெரிகிறதா என்றுதானே பார்க்கிறோம்.

மொழி விஷயத்தில் ஒன்று மட்டும் செய்யலாம். தண்ணீர், கழிப்பறை, வலி, போதும், வேண்டாம் ஆகியவற்றுக்கு வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் ‘வெள்ளம்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை பள்ளியில் ‘தண்ணீர்’ என்று கேட்கத் தெரியாமல் மத்தியானம்வரை தாகத்தோடு இருக்கலாம்.

கேள்வி: கால அட்டவணையைப் படமாகப் போட்டு வைக்கச் சொன்னார்கள். சார்ட்டில் ஒட்டினேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
– ஆசிரியர், குருந்தன்கோடு ஒன்றியம்

பதில்: சுவரில் ஒட்டிய சார்ட் அவனுக்கு இன்னொரு சுவர்தான். அவன் கையால் நகர்த்துகிற மாதிரிச் செய்யுங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்ல கனம். அதை 7 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். ஒன்றில் ஒரே படம், அடியில் ஒரே சொல்: தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. வரையத் தெரியாவிட்டால் உண்மையான பொருளை செல்போனில் படமெடுத்து அச்சிடுங்கள். உங்கள் பள்ளியின் சாப்பாட்டுத் தட்டுதான் வர வேண்டும், இணையத்தில் கிடைக்கிற பீங்கான் தட்டு வேண்டாம். மேலே அகல செல்லோடேப் ஒட்டிவிட்டால் நனையாது. பின்னால் வெல்க்ரோ துண்டு. இனி நீளமான ஒரு அட்டைப் பட்டையில் மேலிருந்து கீழாக அன்றைக்கு உள்ளதை அடுக்குங்கள். ஆரம்பத்தில் மூன்று அட்டை போதும், காலைக்கு மூன்று, சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று. ஒன்று முடிந்ததும் அவனே பிய்த்து ‘முடிந்தது’ என்று எழுதிய டப்பாவில் போட வேண்டும். முதல் சில நாள் அவன் பின்னால் நின்று கையைப் பிடித்துச் செய்ய வைத்து, பிறகு மெல்லக் கையை விடுங்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். அவன் அழும்போது மட்டும் ஆசிரியர் பட்டையை எடுப்பார். பட்டையைக் கண்டாலே தொந்தரவு வரப்போகிறது என்று அவன் படித்துக்கொள்வான். இரண்டாவது, பட்டையில் ஒன்று இருக்க வேறொன்று நடக்கும். அதற்குத்தான் ‘மாற்றம்’ அட்டை, சிவப்பில் ஒன்று செய்துகொள்ளுங்கள். கணக்குக்குப் பதில் பாட்டு என்றால், அவன் பார்க்கவே கணக்கை எடுத்துவிட்டு, சிவப்பை வைத்து, பக்கத்தில் பாட்டு. வாரம் ஒருமுறை அவனுக்குப் பிடித்த மாற்றத்தையே வேண்டுமென்று செய்யுங்கள், உதாரணமாகக் கணக்குக்குப் பதில் ஊஞ்சல். மாற்றம் என்றாலே கெட்டது என்று ஆகிவிடக் கூடாது.

இந்த மாவட்டத்தில் வீட்டுக்கும் ஒரு செட் தேவை. கனமழை விடுமுறை சில நாள் காலையில்தான் அறிவிப்பாகும். சீருடை போட்டு, பையும் மாட்டிய பிறகு “இன்னைக்கு லீவு” என்றால் அந்த வீட்டில் அன்று என்ன நடக்கும் என்று அம்மாக்களைக் கேளுங்கள். மழைக்காலத்தில் முந்தின இரவே பட்டையில் ‘பள்ளி’ அட்டையும் ‘மழை வீடு’ அட்டையும் பக்கம் பக்கமாக வைத்து, “காலையில் தெரியும்” என்று சொல்லி வைக்கலாம். மண்டைக்காடு கொடை, கோட்டாறு சவேரியார் திருவிழா, ஓணம் போன்ற உள்ளூர் விடுமுறைகள் முன்பே தெரிந்தவை. காலண்டரில் குறித்து மூன்று நாளாகக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பள்ளியில் “ஸ்பெஷல் ஸ்கூல்ல கொண்டு சேருங்கம்மா” என்கிறார்கள். சேர்க்க மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டா?
– ஒரு தாய், கொல்லங்கோடு கடற்கரை

பதில்: இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். சிறப்புப் பள்ளி உங்கள் மகனுக்குப் பொருந்தினால் போகலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அதைப் பள்ளி முடிவு செய்து அனுப்ப முடியாது.

சேர்க்கை மறுப்பை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும். அடுத்து உங்கள் வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு, பள்ளிக்கு வந்து ஆசிரியரோடு பேசுவது அவர்கள் வேலைதான். சான்றிதழ் இன்னும் இல்லை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் தொடங்குங்கள். ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டில் 40 கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. உங்களிடம் கேட்டும் குழந்தையைப் பார்த்தும் மதிப்பெண் போடுவார்கள். அன்றைக்குக் குழந்தை சமர்த்தாக இருந்துவிடக்கூடும், ஆகவே வீட்டில் எடுத்த ஒன்றிரண்டு நிமிட வீடியோக்கள் நாலைந்து கையில் இருக்கட்டும். ஆதார், பிறப்புச் சான்று, புகைப்படம், பழைய சீட்டுகள் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

சான்றோடு யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்ததும் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் என்னென்ன கிடைக்கும் என்று கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தருகிற ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவும் அதில் அடங்கும் என்பதால் இந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் உதவும். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கும் இந்தச் சான்றே அடிப்படை. பத்தாம் வகுப்பில் தேடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை மேல் சந்தேகமாக இருக்கிறது. பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? போன வருடம் ஒரு அம்மாவிடம் சொல்லப்போய் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
– ஆசிரியை, ராஜாக்கமங்கலம் ஒன்றியம்

பதில்: ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை நீங்கள் சொல்லாதீர்கள். அதைச் சொல்வது மருத்துவர் வேலை. உங்கள் வேலை பார்த்ததைச் சொல்வது. நான்கு மணிக்குப் பள்ளி வாசலருகே, மற்ற அம்மாக்கள் காது நீட்டிக்கொண்டிருக்கும்போது வேண்டாம். அம்மா, அப்பா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் அவர் கரையில் இருக்கிற நாளைக் கேட்டு வையுங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் காலையில் கூப்பிட்டால் வர முடியாது.

குழந்தை நன்றாகச் செய்கிற இரண்டு விஷயத்தோடு தொடங்குங்கள், ஒப்புக்கு இல்லாமல் உண்மையாகவே. பிறகு தேதி போட்ட மூன்று குறிப்பு: “பெயர் சொல்லிக் கூப்பிட்டா பத்துக்கு எட்டு தடவை திரும்பல. வேணும்னா என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா, விரல் நீட்டிக் காட்டல. இடைவேளையில ஒரு பிள்ளைகிட்டயும் போகல.” அதன்பின் “வீட்ல எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இந்த இடத்தில் வரும் மௌனத்தை நிரப்பப் பேசிக்கொண்டே போவதுதான் கெடுக்கிறது.

“அவ அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்வார். மறுத்துப் பேச வேண்டாம். “இருக்கலாம் பாட்டி, முதல்ல காது நல்லாக் கேக்குதான்னு பார்த்துடுவோம்” என்று சொல்லுங்கள். காது பரிசோதனை உண்மையிலேயே முதல் படி, அதோடு யாருக்கும் அது அவமானமாகப் படாது. மருத்துவமனைக்குள் ஒருமுறை போய்விட்டால் மற்றது தானாக நடக்கும்.

அம்மா வேலைக்குப் போனதால், செல்போன் கொடுத்ததால், தடுப்பூசி போட்டதால் என்று காரணம் யாராவது எடுப்பார்கள். அம்மாவின் பாசக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள், பிறகு அது தவறென்று தள்ளப்பட்டது. தடுப்பூசியைக் குற்றம் சொல்லி 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரையை 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. அந்த அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, இது யார் தவறும் இல்லை என்பதை உங்கள் வாயாலேயே அப்பா காதுபடச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: சத்துணவில் வெறும் சோறுகூடச் சாப்பிட மாட்டேன் என்கிறான். வீட்டில் நன்றாகத் தின்பானாம்.
– சத்துணவு அமைப்பாளர், மேல்புறம்

பதில்: வீட்டில் என்ன அரிசி என்று கேட்டீர்களா? சிவந்த சம்பாச் சோறு தின்று வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளைச் சோறு நிறத்திலும் மணத்திலும் வேறு பண்டம். சில வாரம் வீட்டுச் சோறு டப்பாவில் வரட்டும், அதன் ஓரத்தில் பள்ளிச் சோறு ஒரு ஸ்பூன், கலக்காமல். தொட்டால் போதும், தின்னச் சொல்ல வேண்டாம். சாம்பாரைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை உரிக்கிற இடத்திலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், பலரை விரட்டுவது அந்த வாடைதான். எடை குறைந்தாலோ, தின்கிற பண்டங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: திடீரென்று தலையைச் சுவரில் முட்டுகிறான். பிடித்து நிறுத்தினால் கடிக்கிறான். அந்த நேரத்தில் என்ன செய்வது?
– ஆசிரியர், கிள்ளியூர் ஒன்றியம்

பதில்: பேச்சை நிறுத்துங்கள். “என்ன மக்கா, என்ன ஆச்சு” என்று நாலு பேர் நாலு பக்கம் கேட்பதே எண்ணெய் ஊற்றுவது. அவனை நகர்த்துவதைவிட மற்ற பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்புவது எளிது. ஒரு பிள்ளைக்கு இந்த வேலையை முன்பே சொல்லிப் பழக்குங்கள். தலைக்கும் சுவருக்கும் நடுவே புத்தகப்பையையோ மடித்த பாயையோ செருகுங்கள். கையைப் பிடிக்காதீர்கள், பிடித்ததால்தான் கடிக்கிறான். ஒருவர் மட்டும் ஒரு கை தூரத்தில், பக்கவாட்டில், தரையில் உட்காரட்டும்.

அடங்கிய பிறகு தண்ணீர், அரை மணி நேரமாவது ஓய்வு. “ஏன் அப்படிச் செஞ்ச?” என்று அன்றைக்குக் கேட்க வேண்டாம். கேட்டது கிடைத்ததும் நின்றுபோகிற அடம் வேறு, கொடுத்தாலும் நிற்காத இது வேறு. தண்டித்துத் திருத்த இதில் ஒன்றும் இல்லை. அடிப்பதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் தடுக்கிறது. முன்னறிகுறி இருக்கும்: சட்டைக் காலரை மெல்லுவான், ஆடுவது வேகமாகும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான். அப்போதே பச்சை அட்டையை நீட்டுங்கள். திடீரெனத் தொடங்கியது என்றால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத வலி இப்படித்தான் வெளிவரும். கண் வெறித்துச் சில நொடி உறைந்துபோனால் வலிப்பாக இருக்கலாம், ஆட்டிசக் குழந்தைகளிடம் அது கூடுதல். மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

கேள்வி: பள்ளிக்குப் பின்னால் சானல் (பாசனக் கால்வாய்) ஓடுகிறது. மகன் கண்மறைந்தால் தண்ணீர்ப் பக்கம் போய்விடுவான்.
– ஒரு தந்தை, தக்கலை பக்கம்

பதில்: பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வழக்கமாக ஜூனில் திறப்பார்கள், பள்ளி திறப்பதும் அப்போதுதான். கேட்டில் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டாவது தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். இடைவேளையில் யார் அவனைப் பார்ப்பது என்று பெயர் குறித்து எழுதி வாங்குங்கள். எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். காணவில்லை என்றால் வகுப்பறைகளில் தேடாமல் முதலில் சானல், குளம், கிணறு. அவன் சட்டையின் உள்பக்கம் உங்கள் செல் எண்ணைத் தைத்து வையுங்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள், ஆனால் நீச்சல் தெரியும் என்று தாழ்ப்பாளைத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இந்த ஆண்டு நான் கண்டுபிடித்ததை அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு ஜூனிலும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.
– ஆசிரியை, அகஸ்தீஸ்வரம் ஒன்றியம்

பதில்: ஒரே பக்கம் எழுதுங்கள், இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எதற்குப் பயப்படுகிறான், அலறலோ முட்டலோ வருவதற்கு முன் என்ன அறிகுறி, எதனால் அடங்குகிறான், எது பிடிக்கும், வீட்டில் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன சொல், எந்த அரிசி, மருந்து ஏதும் உண்டா, யாரோடு உட்கார்ந்தால் படிக்கிறான். செய்து பார்த்துப் பலிக்காததையும் எழுதுங்கள், அடுத்தவருக்கு ஒரு மாதம் மிச்சம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் திருத்தத்தைச் சேருங்கள். ஏப்ரலிலேயே புதிய வகுப்பறைக்கு நாலைந்து தடவை கூட்டிப்போய், அந்த ஆசிரியரையும் அவன் உட்காரப்போகும் இடத்தையும் படமெடுத்துக் கொடுத்துவிடுங்கள். விடுமுறை முழுக்க வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தின் மேலே தேதி போட மறக்காதீர்கள். ஆறு மாதத்தில் பாதி மாறிவிடும்.